சம்பந்தியைத் திட்டத் தெரியாதவர்கள்

1

போன வாரம் ஒரு பஞ்சாபிப் பெண் போன் பண்ணினாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். தங்கைக்குக் கல்யாணமாம். "ஆன்ட்டி, சனிக்கிழமை நீங்கள் கண்டிப்பாக வரவேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைத் திட்ட ஆள் போதவில்லை" என்றாள். "அதற்கென்ன, வந்து திட்டிவிட்டுப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கொதித்த சாம்பாரை இறக்கப் போனேன்.

திருவொற்றியூரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்தால், கனடா குளிரில் செல்விக்கு மூளை உறைந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். உறையவில்லை. இந்த மாதத்தோடு என் மகள் கயல்விழிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மண்டபத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று இன்னும் என் அக்கா தேவகியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அவளைக் கேட்டால் நாளுக்கு ஒரு கதை சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

2

நாங்கள் இருக்கும் பிராம்ப்டன், டொரான்டோவை ஒட்டிய ஊர். இங்கே கடைத்தெருவில் காதை மூடிக்கொண்டு நடந்தால்தான் இது வெளிநாடு என்று தோன்றும். மளிகைக் கடை, பல் டாக்டர், லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, எல்லாம் பஞ்சாபிகளுடையது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் பனியைத் தள்ளிவிட்டு பஸ் பிடிப்பேன். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் 'சாரி' சொல்வேன். வந்த புதிதில் பயத்தில் சொன்னேன். பிறகு அதுவே பழகிவிட்டது. தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை முன்னால் வைத்தவளிடம் தொண்டை கிழியக் கத்திய செல்வி எங்கே போனாள் என்று எனக்கே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும்.

பஞ்சாபிப் பாட்டு எனக்குப் புதுசில்லை. எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் போக கன்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். வடக்கத்தி டிரைவர்கள் லாரி நிழலிலேயே ஸ்டவ் பற்றவைத்து ரொட்டி சுடுவார்கள். கேசட்டில் ஒருவன் உச்சக்குரலில் பாடுவான். பின்னால் ஒற்றைத் தந்தி ஒன்று கொசு மாதிரி விடாமல் ரீங்கரிக்கும். மணலிக்குப் போகும் டேங்கர்களிலும் அதே பாட்டு. எங்களுக்கு அது லாரிச் சத்தத்தின் ஒரு பகுதி. அதற்கு ஒரு ஊர் உண்டு, வீடு உண்டு, அதைப் பாடிக்கொண்டு ரொட்டி சுடும் பெண்கள் உண்டு என்று நினைத்ததே இல்லை.

கயல் பல்கலைக்கழகம் போன முதல் வருஷமே கித்தா ஆடும் குழுவில் சேர்ந்தாள். கித்தா என்பது பஞ்சாபிப் பெண்கள் வட்டமாக நின்று கைதட்டி ஆடுவது. ஒருத்தி வட்டத்துக்குள் வந்து இரண்டு வரி பாட வேண்டும். மாமியாரைப் பற்றி, புருஷனைப் பற்றி, பக்கத்து வீட்டு எருமையைப் பற்றி, எதை வேண்டுமானாலும் பாடலாம். பாடி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். கயல் வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, பஞ்சாபியில் வரி வரியாகப் பாடினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரக் கடைசித் தமிழ் வகுப்புக்கு அனுப்பியபோது வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவள்தானே இவள். பிள்ளை ஆங்கிலத்தோடு போய்விடும் என்று எல்லா அம்மாக்களும் பயப்படுவார்கள். என் பிள்ளை பஞ்சாபியோடு போனாள். பிறகு அந்தக் குழுவுக்கு டோல் மேளம் அடிக்கும் ஜஸ்ஸியோடும் போனாள்.

பையன் நல்ல பையன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன்.

3

நிச்சயத்துக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜஸ்ஸியின் அம்மா பரம்ஜீத், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவருடைய கணவர். கணவரின் மூத்த அக்கா, அதாவது ஜஸ்ஸியின் அத்தை. அவருக்குப் பின்னால் இரண்டு வேன் நிறைய சொந்தபந்தம்.

மாப்பிள்ளை வீட்டார் என்றால் நாம் எப்படி வளர்ந்தோம் என்று சொல்லத் தேவையில்லை. ரசத்தில் உப்புக் கம்மி என்று அவர்கள் முகம் சுளித்தால், காசிமேட்டுக் கடலையே தூக்கிக்கொண்டு வந்து வைப்போம். நானும் என் வீட்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். "சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்த பிறகும் நாங்கள் உட்காரவில்லை. பெருமையாகச் சொல்கிறேன், ஒரு சின்ன மரியாதைக் குறைவுகூட நடக்கவில்லை.

அதுதான் தப்பாகிவிட்டது. சிரித்துக்கொண்டு வந்தவர்கள் போகப் போக அமைதியானார்கள். டோலக் என்ற கை மேளம் கொண்டுவந்திருந்த ஒரு பெண் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அத்தை இனிப்பைத் தொடாமல் எழுந்து, காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து கயல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன். "அம்மா, உங்களுக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலன்னு அவங்க நினைக்கிறாங்க."

"யார் சொன்னது? விழுந்து விழுந்து கவனிச்சோமே."

"அதான். நீங்க அவங்களை ஒரு தடவைகூடத் திட்டல."

இவள் என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பஞ்சாபிக் கல்யாணத்தில் பெண் வீட்டுக்கென்று தனிப் பாட்டுகள், மாப்பிள்ளை வீட்டுக்கென்று தனிப் பாட்டுகள். அதில் சிட்டணி என்று ஒரு வகை பெண் வீட்டுப் பெண்களுடைய சொத்து. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும், இவர்கள் டோலக்கைத் தட்டிக்கொண்டு அவர்களைப் பாட்டிலேயே திட்டுவார்கள். மாமனாரின் தொப்பை, சித்தப்பாவின் வழுக்கை, மாப்பிள்ளையின் சோம்பேறித்தனம், ஒன்றையும் விட மாட்டார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். முன்காலத்தில் பந்தியைப் பாட்டால் கட்டியே போடுவார்களாம். பெண் வீட்டார் பாட்டுப் பாடி, சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது என்று கட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் யாராவது பதில் பாட்டுப் பாடி அவிழ்த்தால்தான் சாப்பிடலாம்.

"திட்டலைன்னா?" என்று கேட்டேன்.

"பொண்ணை அனுப்ப இஷ்டமில்லன்னு அர்த்தம். இல்லன்னா பொண்ணுக்குப் பின்னாடி யாருமே இல்லன்னு அர்த்தம்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அந்த வீட்டுக்கு அவள் எப்படிப்பட்ட பெண்ணாகப் போகப்போகிறாள் என்பது என் வாயில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாயில் சாரியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

4

பரம்ஜீத் ஒரு மதியம் தனியாக வந்தார். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அதே சீருடையோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நான் தனியாகத்தான் இந்த ஊருக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தேன். என் வீட்டிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. ஹாலில் டிஜே வைத்துப் பாட்டுப் போட்டார்கள். எல்லோரும் ஆடினார்கள். என் பக்கத்தில் நின்று என் மாமியார் வீட்டைத் திட்ட ஒருத்தி இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை செல்வி. ஆனால் பார்சலில் வந்த பெண் மாதிரி அந்த வீட்டுக்குள் போனேன். அப்படியேதான் நடத்தினார்கள். உன் பெண் அப்படி வர வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகளுக்காக அவளுடைய மாமியாரே வந்து என்னிடம் கேட்கிறார். எந்த ஊரில் நடக்கும் இது?

"எனக்குப் பாட வராதே" என்றேன். "எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் ஸ்பீக்கர் பாடும். கானா என்றால் ஆண்கள் பாடுவார்கள். பெண்கள் கூடிப் பாடினால் அது சாவு வீடு."

"திட்டவுமா வராது?"

திட்ட ஒருத்தி இருக்கிறாள் என்றேன். தேவகியை உங்களுக்குத் தெரியாதா? தண்ணீர் லாரி வந்து நின்றால், அவள் வாய்க்குப் பயந்தே வரிசை தானாக நேராகும். திட்டும்போதே எதுகை மோனை வந்து விழும். திட்டு வாங்கியவர்களே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவளை வரவழைக்க விசாவுக்கு எழுதிப் போட்டோம். முடியாது என்று பதில் வந்தது. கனடாவுக்குள் விட்டால் அவள் ஊர் திரும்புவாள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லையாம். இன்னும் ஒருமுறை, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் சம்பளச் சான்று எல்லாம் சேர்த்து அனுப்பினோம். அதே பதில், வார்த்தைகூட மாறவில்லை. தேவகி வீடியோ காலில் கொதித்தாள். "நா இன்னாத்துக்குடி அந்த ஐஸு பொட்டிக்குள்ள குந்திகினு கெடக்கப் போறேன்? கல்யாணத்த பாத்துட்டு அடுத்த பிளேனுல ஏறிட மாட்டேன்? இங்க என் வூட்ட வுட்டுட்டு நா எங்க போவேன்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

இதைக் கயல் பரம்ஜீத்திடம் சொல்ல, அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "பெண் வீட்டில்தான் திட்டு வாங்க வேண்டும். பெண் வீடு அங்கே இருந்தால் நாங்கள் அங்கே வருகிறோம். டிசம்பரில் எப்படியும் பஞ்சாபுக்குப் போகிறோம், இன்னும் ஒரு விமானம்தானே." அத்தையும் வருவாரா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கயல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவகியோடு பேச ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் கேட்கும். டோலக்கை ஒருத்தி வாசிக்க, இன்னொருத்தி அதன் மரக்கட்டையில் ஸ்பூனால் தட்டுவது பஞ்சாபிப் பெண்களின் வழக்கம். அந்தத் தாளத்தை இவள் என் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். "தலைப்பாகைய கிண்டல் பண்ணக் கூடாது பெரீம்மா. அது சாமி விஷயம்." "தோ பார்றா, அது எனுக்குத் தெரியாதா? தொப்பைய பத்திப் பாட்லாமா?" "தொப்பை ஓகே."

5

தாலி காலையிலேயே முடிந்தது. அவர்கள் முறைப்படி நடக்க வேண்டியது திரும்பி வந்ததும் கனடாவில் நடந்தது. நான் சொல்ல வந்தது பந்தி.

திருவொற்றியூர் மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நீள நீளமாக மேசை, வாழை இலை, மேலே மின்விசிறி. ஒரு பக்கம் முழுக்கக் கலர் கலராய்த் தலைப்பாகை. நடுவில் அத்தை, வெள்ளை சல்வாரில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்துவிட்டாரே தவிர, வந்ததிலிருந்து எங்களிடம் அவர் பேசவில்லை. சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஜஸ்ஸியின் அப்பா கையை இலைக்குக் கொண்டுபோனார்.

"கைய எட்றா மாமு" என்றாள் தேவகி.

நம் சொந்தக்காரர்கள் முகத்தில் ரத்தமில்லை. சம்பந்தியை மாமு என்கிறாளே! எங்கள் பெரியப்பா எழுந்தே விட்டார். கயல், பட்டுப்புடவையும் மாலையுமாக அவர்கள் வரிசையின் கோடியில் ஜஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அவரைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். தேவகி ஒரு பிளாஸ்டிக் குடத்தை மடியில் கவிழ்த்து ஸ்பூனால் தட்ட ஆரம்பித்தாள்.

"பிளேன் ஏறி வந்த மாமா பந்திக்குன்னா வந்தே?
தொப்பைக்குன்னு தனியா ஒரு டிக்கெட் எட்த்து வந்தே?"

கயல் அதைப் பஞ்சாபியில் உரக்கச் சொன்னாள். தலைப்பாகை வரிசை அப்படியே சிரிப்பில் குலுங்கியது. ஜஸ்ஸியின் அப்பா தொப்பையைத் தட்டிக் காட்டினார். தேவகி இன்னும் இரண்டு பேரை வெளுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"பெரீம்மா பாட்டு அவ்ளோதான். பெத்தவ நீதான. இப்ப நீ பாடு."

இது பேச்சில் இல்லாத விஷயம். நான் எழுந்து நின்றேன். எதிரே பரம்ஜீத். என் மகளுக்காக என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தவர். அவரை எப்படித் திட்டுவேன்? அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நிச்சயத்தன்று பார்த்த அதே பார்வை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். 'சாரி' வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன்.

"எம்மா" என்று கயல் கூப்பிட்டாள். "பாடும்மா. நீ பாடலைன்னா நா யாரு வூட்டுப் பொண்ணுன்னு இவுங்களுக்கு எப்டித் தெரியும்?"

கடைசியாக அந்தப் பிள்ளை என்னிடம் முழுசாகத் தமிழில் எப்போது பேசியது என்று எனக்கு நினைவில்லை. அதுவும் எங்கள் தெருத் தமிழில். தேவகி குடத்தைத் தட்டினாள். எனக்குள் எங்கேயோ தண்ணீர் லாரி வந்து நின்றது. பரம்ஜீத்தைப் பார்த்துப் பாடினேன்.

"ஒல்லியாத்தான் பெத்து வெச்சேன் ஒரே பொண்ணு தங்கமா
நெய்ய ஊத்தி மாத்திப்புட்டே நெத்திலிய சங்கரா!"

நம்மவர்கள் பக்கம் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கயல் சிரித்த சிரிப்பில் அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை. நெத்திலி சின்ன மீன், சங்கரா பெரிய மீன் என்று கையால் அளவு காட்டித்தான் புரியவைத்தாள். பரம்ஜீத் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்துவதாக இல்லை.

"சோறு வடிக்கத் தெரியுமா, துணி மடிக்கத் தெரியுமா?
தோளக் குலுக்கி ஆடத்தான தெரிஞ்சு கீது உம் புள்ளைக்கு!"

ஜஸ்ஸி எழுந்து தோளைக் குலுக்கி ஆடியே காட்டினான். நம் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சத்தம் அடங்கியபோது அத்தை எழுந்து நின்றிருந்தார். அவர் ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் நான் கேட்ட அதே உச்சக்குரலில், பாட ஆரம்பித்தார். பந்தியை அவிழ்க்கிறார் என்று கயல் சொன்னாள். உங்கள் ஊர் வெயிலையும் உங்கள் சாம்பாரின் காரத்தையும் தாங்கியவர்கள் உங்கள் வாயையும் தாங்குவோம், கட்டை அவிழுங்கள் என்று அர்த்தமாம். பாடி முடித்ததும் முதல் கவளத்தை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வரிசையே சாப்பிட ஆரம்பித்தது. நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

பரம்ஜீத் சாப்பிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எங்கள் பக்கத்தில் தேவகியின் தோளை ஒட்டி நின்றார். மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுப் பக்கம் வந்து நின்றால் யாருக்குத்தான் புரியும்? கயலிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரீம்மா, இவங்க கல்யாணத்துல இவங்களுக்காகப் பாட யாரும் இல்லையாம். இவங்களுக்காகவும் ஒண்ணு பாடச் சொல்றாங்க."

தேவகி குடத்தை மடியில் சரிசெய்துகொண்டாள். "யார திட்டணும்?"

பரம்ஜீத் கை நீட்டவில்லை. தன் நாத்தனாரைப் பார்த்தார், அவ்வளவுதான். தேவகி ஒரு நிமிஷம் யோசித்தாள். என் அக்கா யோசித்துத் திட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். குரலை உயர்த்தாமல், ஸ்பூனை மெதுவாகத் தட்டிப் பாடினாள்.

"தம்பி பொண்டாட்டி சுட்ட ரொட்டி தட்டு தட்டா துன்னியே
நல்லா கீதுன்னு ஒரு வார்த்த நாக்கு வந்து சொன்னியா?"

கயல் அதைப் பஞ்சாபியில் சொன்னாள். அவள் குரல் அடங்கியதும் யாரும் சிரிக்கவில்லை. அத்தை சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். இந்த முறை காதை மூடிக்கொள்ளவில்லை, உச்சக்குரலும் இல்லை. பரம்ஜீத்தைப் பார்த்து இரண்டே வரி பாடினார். பரம்ஜீத் தேவகியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இன்னாடி சொல்லுச்சு அந்தம்மா?" என்றாள் தேவகி.

கயல் சொன்னாள். "ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சாம் பெரீம்மா. இவங்களுக்காகக் கேக்க ஆள் கீதுன்னு அப்ப தெரியாம பூட்ச்சுன்னு சொல்றாங்க."